'வல்லவன்': இரவல் மெட்டும் சொந்தக் குரலும்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு இளைஞர்கள் ராப் எழுத முனைந்தால் கூர்ந்து கேட்க வேண்டிய தொகுப்பு, மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்'. பல மொழிகளில் ராப் பாடிய 'பொயட்டிக் அம்மோ' குழுவிலிருந்து வந்தவர் யோகி பி. இத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' மெட்டின்மேல் நிற்கிறது. ஆனால் மெட்டு இரவல். குழுவின் குரல் கேட்பது ராப் வரிகளில்தான். அடியிறுதி இயைபைத் தேடும் ராப்பும் அடித்தொடக்க எதுகை மோனையில் பழகிய தமிழும் அங்கே உரசிப் பொருந்துகின்றன.

கிஸ்ஸாவையும் முனாஜாத்தையும் தமிழாக்கிக்கொண்ட நமக்கு இவ்வித்தை புதிதல்ல. தீவகத்தில் இப்படியொரு குழு எழுமானால் மலேசியப் பேச்சை நகலெடுக்கக் கூடாது. தீவகப் பேச்சிலேயே, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கதையையும் அது பாடட்டும்.