பயிற்சி மனைவிக்கு மட்டும் போதுமா?

மணமான பெண்களுக்குப் பேச்சுத்திறன் பயிற்சி கொடுத்தால் குடும்ப உறவு சீராகும் என்ற நம்பிக்கை செவிலியர் கல்லூரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வலுவாக இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஒன்றியம் போன்ற ஊர்ப்புறத்தில் அதற்கு ஆள் திரட்டுவதும் எளிது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. தவணை கட்ட வருகிறவர்களையே உட்காரவைத்துப் பேசலாம்.

பலன் இல்லாமலில்லை. "எப்பப் பாத்தாலும் குடிச்சிட்டு வர்றியே" என்பதை "நீங்க வர நேரமானா எனக்குப் பயமா இருக்குங்க" என்று சொல்லப் பழக்குகிறார்கள். கோபத்துக்குள் கிடக்கும் தேவையைப் பிரித்துச் சொல்வது உண்மையான திறன்தான். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வந்து, தன் கூலியில் பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அனுமதி கேட்டு நிற்கும் பெண், தனக்கு என்ன வேண்டும் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதே பெரிய விஷயம்.

ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே வார்த்தையை அளந்து பேசுகிறவள் அவள்தான். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா, எந்த முகம் பார்த்து எதைக் கேட்பது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பயிற்சியும் அவளுக்கே என்றால், சண்டை மூண்டால் பழியும் அவள் தலையில்தான். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் குழுவினர் 130 புதுமணத் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் ஆய்வு வெளியிட்டார்கள். மனைவி பேச்சை மென்மையாகத் தொடங்குவதற்குப் பலன் இருந்தது. அதோடு, அவள் சொல்லுக்குக் கணவன் இடம்கொடுக்கிறானா என்பதும் மணவாழ்வு நிலைப்பதைத் தீர்மானித்தது. இரண்டாவது பாதியை நம் பயிற்சிகள் தொடுவதே இல்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அடிக்கிறவனிடம் இதமாகப் பேசு என்பது ஆபத்தான அறிவுரை. அவளுக்கு முதலில் தெரியவேண்டியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற உதவி எண்ணும். அதையும் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவள் நாத்தனாரே அதே குழுவில் உட்கார்ந்திருக்கலாம்.

பயன் அளக்கும் முறையும் பலவீனமானது. முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, அவள் போடும் மதிப்பெண் கூடினால் வெற்றி என்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் மனம் கோணாமல் பதில் எழுதுவது யாருக்கும் இயல்பு. கணவனிடம் யாரும் கேட்பதில்லை.

ருவாண்டாவில் 'இந்தாஷிகிர்வா' திட்டம் தம்பதியரைச் சேர்த்தே உட்காரவைத்தது, வன்முறை குறைந்தது. இங்கும் ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் கணவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்கலாம். வராத கணவர்கள் எத்தனை பேர் என்பதும் பயிற்சி அறிக்கையில் பதிவாக வேண்டும்.