‘அந்த நாள்’ திரைப்படத்தில் களமும் குற்றமும்

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகின்றன. அதில் பாடல்கள் இல்லை என்பது ஒன்று; ஒரே கொலையைப் பலர் பலவாறு விளக்கும் கதைப்போக்கு குரோசவாவின் ‘ராஷோமோன்’ படத்தை நினைவூட்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் படத்தின் தலைப்பு சுட்டும் நாளை இவை மறக்கச் செய்துவிடுகின்றன. 1943 அக்டோபரில் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசியதை ஒட்டிய நாள் அது.

நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். குற்றக்கதைக்கும் இவ்விணைப்பு இன்றியமையாதது. கரோல் ரீடின் ‘தி தேர்ட் மேன்’ (1949) படத்தில், நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட வியன்னா இல்லையேல் ஹாரி லைமின் பெனிசிலின் கள்ளவாணிகமும் இல்லை. அங்கே இடிபாடுகளும் கழிவுநீர்ச் சுரங்கங்களும் கண்முன் நிற்கின்றன. ‘அந்த நாள்’ படமோ பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. களம் என்பதைக் காட்சியழகு என்று கொள்வோர் இங்கே ஏமாறுவர்.

கொலையுண்ட ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன். விசாரணையில் முதலில் எழும் ஐயங்கள் எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் உரியவை: உடன்பிறந்தவனுடன் பூசல், மனைவியல்லாத ஒருத்தியுடன் தொடர்பு. உண்மைக் காரணம் அத்தகையதன்று. ராஜன் ஜப்பானியருக்கு ஒற்றனாக இருந்தவன். அவன் உயிரைப் பறித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. கணவனைக் கொன்ற மனைவியை அன்றைய தமிழ்த் திரை எளிதில் ஏற்றிராது. குடும்பச் சினம் காரணமாயின் அவள் கொடியவளாகவே காட்டப்பட்டிருப்பாள். குண்டுவீச்சுக்கு அஞ்சிய நகரமே அவளுக்காக வாதாடுகிறது.

அவ்வீட்டை அதே மாதத்தில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு மாற்றிப் பார்ப்போம். 1943 அக்டோபர் 21ஆம் நாள், அங்குள்ள கேத்தே திரையரங்கில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். தோட்டத் தொழிலாளர் உட்பட மலாயாத் தமிழர் பலர் ஜப்பானியர் ஆதரவுடன் இயங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தனர். அங்கே ராஜனைத் துரோகி என்பது அத்துணை எளிதன்று. ஐயத்துக்கு உள்ளாகுபவள் உஷாவாகவே இருக்கலாம். அதே ஜப்பானியரின் சயாம் ரயில்பாதைப் பணியில் தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்ததையும் சேர்த்து எண்ணினால், தீர்ப்பு மேலும் சிக்கலாகும்.

படம் இவ்வினாவை எழவிடவில்லை. இதை அதன் குறை என்றே கருதுகிறேன். உஷா நாடு என்று சொல்லும்போது 1954இன் பார்வையாளர் நினைவுக்கு வருவது விடுதலை பெற்ற இந்தியா. 1943இல் சென்னையை ஆண்டது பிரிட்டிஷ் அரசு.