விண்ணப்பத்தாளில் வெளிப்பட்ட அபிப்பிராயம்

வெளிநாட்டுக் கொள்கை பற்றிய பொதுசன அபிப்பிராயத்தை அறிய விரும்பும் ஆய்வாளர், கொழும்புப் பத்திரிகைகளின் ஆசிரிய தலையங்கங்களையும் நாடாளுமன்ற உரைகளையுமே பெரும்பாலும் நாடிச் செல்வர். இலங்கையின் அயலுறவு வரலாற்றை எழுதுவோர் இந்திய – சீனப் போரை அடுத்து 1962 டிசம்பரில் கூடிய கொழும்பு மாநாட்டையும், 1976இல் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டையும் விரித்துரைப்பர். இடையே 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தையும் இராசதந்திரச் சாதனைகளுள் ஒன்றாகச் சேர்த்துவிடுவர். அவ்வொப்பந்தத்தின் பொருளாயிருந்த மக்கள் அதைப்பற்றி என்ன எண்ணினர் என்ற வினா அங்கு எழுவது அரிது. எழுந்தாலும், வாக்குரிமையற்ற தோட்டத் தொழிலாளிக்கு அயலுறவு பற்றி அபிப்பிராயம் ஏது என்ற தொனியே மேலோங்கும்.

ஒப்பந்தத்தின் கணக்கு எளிமையானது. நாடற்றோராகக் கொள்ளப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எஞ்சிய 150,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பகிரப்பட்டனர். இம்மக்கள் இலங்கைக்கே உரியோர் என்பது நேரு கடைப்பிடித்த நிலைப்பாடு. அவர் மறைந்து ஐந்து மாதங்களில் அது கைவிடப்பட்டமைக்கு, சீனப் போரின் பின் அயல்நாட்டின் நட்பை இந்தியா நாடியமை முக்கிய காரணமாகும். இருபுறமும் பேசியவை அரசுகளே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனை அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் வாக்கை இழந்திருந்த மக்களுக்குத் தம் கருத்தைத் தெரிவிக்கத் தேர்தல் மேடைகூட இருக்கவில்லை.

ஆயின், ஒரு வாயில் இருந்தது. அதுவே விண்ணப்பத்தாள். இந்தியக் குடியுரிமையா, இலங்கைக் குடியுரிமையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் இருந்த லயங்களுக்கு வெளிநாட்டுக் கொள்கை வந்து சேர்ந்தது இந்தத் தாளின் வடிவிலேதான். 1970 ஏப்ரலில் விண்ணப்பக் காலம் முடிவுற்றபோது இந்தியாவை வேண்டியோர் தொகை 525,000ஐ எட்டவில்லை; இலங்கையை வேண்டியோர் தொகையோ ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தின் இருமடங்கையும் தாண்டியது. இரு பிரதமர்கள் வகுத்த விகிதத்தை மக்கள் ஏற்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இது பிழைப்பைக் கருதிய தெரிவேயன்றி அரசியல் அபிப்பிராயம் அன்று என வாதிப்போர் உளர். எந்த அரசை நம்பித் தன் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று ஒரு தொழிலாளி தீர்ப்பது அயலுறவு பற்றிய அபிப்பிராயம் அன்றெனின், வியட்நாம் பற்றிப் பட்டணத்தார் தேநீர் வேளையில் வெளியிட்ட கருத்துகளை அப்பெயரால் அழைப்பதற்கும் நியாயமில்லை. பின்னதற்கு எவரும் விலை கொடுக்கவில்லை.

மலையகப் படைப்பிலக்கியமும் இவ்விடயத்தில் ஒரு குறைக்கு ஆளாகியுள்ளது. மாத்தளை இவ்விலக்கியத்தின் வளமான விளைநிலம்; மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரின் கதைகள் ‘தோட்டக் காட்டினிலே’ என்ற தொகுதியாக 1980இல் வெளிவந்தமை அதற்குச் சான்று. எனினும், ஒப்பந்தத்தைப் பொருளாகக் கொண்ட மலையக எழுத்துகளைப் பொதுவாக நோக்குமிடத்து, புகையிரத நிலையத்துப் பிரிவுக் காட்சியே அவற்றின் உச்சமாக அமைவதைக் காணலாம். அக்காட்சி உண்மையானது, ஆயினும் அது மக்களை இரக்கத்துக்குரியோராக மட்டுமே நிறுத்துகின்றது. விண்ணப்பத்தாளை முன்வைத்து லயத்தின் காம்பராவில் இரவெல்லாம் நடந்திருக்கக்கூடிய வாதத்தை, தந்தை ஒரு நாட்டையும் மகன் மறு நாட்டையும் தெரிந்த முரணை, அவ்வளவு ஊன்றி எழுதியவர் சிலரே. கண்ணீர் எழுதப்பட்ட அளவுக்குத் தீர்மானம் எழுதப்படவில்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற சொல்லும் இத்தகையதே. மாத்தளையில் பிறந்து இந்தியாவைக் கண்டறியாத ஒருவர் எங்ஙனம் அங்கே ‘திரும்ப’ முடியும்? நீலகிரியில் குடியேறிய அம்மக்களைச் ‘சிலோன்காரர்’ என அழைத்த அயலவரின் வழக்கே உண்மைக்கு அண்மித்தது.

அபிப்பிராயம் நிலையாக நிற்பதுமில்லை. எழுபதுகளின் உணவுப் பஞ்சமும், 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும் தேயிலையோடு இறப்பரும் கொக்கோவும் விளைந்த இடைநிலை மலைநாட்டுத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. கைமாறிய தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். உச்சி மாநாட்டுக்காகக் கொழும்பு அலங்கரிக்கப்பட்டதும் இதே காலத்தில்தான். 1977 ஓகஸ்ட் வன்செயல்கள் மாத்தளையையும் விட்டுவைக்கவில்லை. முன்னர் இலங்கையை வேண்டியோருள்ளும் பலர் இராமேஸ்வரக் கப்பலை எண்ணத் தொடங்கியது அதன் பின்னரே. வேறு சிலரோ விண்ணப்பத்தாளில் இடம்பெறாத மூன்றாவது விடையொன்றைத் தெரிந்தனர். தம்புள்ளை வழியாக வடக்கே சென்று வவுனியாக் காடுகளை வெட்டிக் குடியேறினர். கோப்பிக் காலத்தில் அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்த வடபாதையில் எதிர்த்திசையாக அமைந்த பயணம் அது. அயலுறவு பற்றி மாத்தளைத் தொழிலாளர் வெளியிட்ட மிகக் கூரிய விமரிசனம் இதுவே எனலாம். ஆய்வாளர் எவரும் இதனைப் பொதுசன அபிப்பிராயம் என்ற தலைப்பின்கீழ்ப் பதிவதில்லை.

ஒப்பந்தத்தின் காலம் 1981இல் முடிந்தது. தலைமன்னார்க் கப்பல் சேவை 1984இல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கப்பலேறாது லயங்களிலே தங்கியோர் தொகை பெரிது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழி செய்தது. அச்சட்டத்தின்படி உரிமை கோருவோர், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவராக அல்லது அத்தகையோரின் வழித்தோன்றலாக இருத்தல் வேண்டும்.