பாதிக் கதை

"சில நாள் பள்ளியில் மணி நீளமாக, சத்தமாக அடிக்கும். தீப்பிடித்தால் எப்படி வெளியே போவது என்று பழகிப் பார்க்க அதை அடிக்கிறார்கள். நாங்கள் வரிசையாக மைதானத்துக்குப் போவோம். சத்தம் பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம்."

ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுதப்படும் 'சமூகக் கதை' ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஜெனிசன் ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றிய கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. அதற்கு முன் கோலோச்சியது உளவியலாளர் லோவாஸின் வழி: வாரத்துக்கு 40 மணி நேரம்வரை பயிற்சி, சொன்னதைச் செய்தால் பரிசு. கிரே வேறிடத்தில் தொடங்கினார். குழந்தை அடம்பிடிக்கவில்லை; மற்றவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும் ஏதோ ஒன்று அதற்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுத்துவிடலாமே?

அவருடைய விதிகளைப் படித்தால் குழந்தையின் மேல் அவர் வைத்த மரியாதை தெரியும். 'நீ இதைச் செய்' என்ற தொனி கூடாது. 'எப்போதும்' என்று எழுதாமல் 'பெரும்பாலும்' என்று எழுத வேண்டும். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு ஒரு நாள் மணி அடிக்காமல் போனாலும் கதை பொய்யாகிவிடும். வழிகாட்டும் வாக்கியம் ஒன்றென்றால் விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எழுதும் கதைகளில் பாதி, குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்ட வேண்டும்.

முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் வகுப்பில் முதலில் காணாமல் போவதும் இந்த விதிகள்தான். மிஞ்சுவது: "நான் கையை உதற மாட்டேன். டீச்சர் கண்ணைப் பார்த்துப் பேசுவேன்." நேரடியான கட்டளையே இதைவிட மேல் என்பேன். கட்டளையென்றால் யாரோ இட்டது என்று குழந்தைக்குத் தெரியும். இங்கே அதன் வாயாலேயே சபதம் வாங்கிவிடுகிறோம். கண்ணைப் பார்ப்பது மட்டும் எந்த ஊர் நாகரிகமாம்? 'பெரியவங்களை என்ன முறைக்கிற?' என்று அதட்டும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கதை அட்டைகளை அப்படியே தமிழாக்கினால், வீட்டில் திட்டு வாங்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

பலன்? இங்கிலாந்தில் 87 பள்ளிகளில் 249 குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பொதுவான சமூகத் திறனில் சொல்லத்தக்க மாற்றமில்லை. ஆனால், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே குறித்திருந்த சிறு இலக்குகள் கூடுதலாக நிறைவேறியிருந்தன. இதைத் தோல்வி என்று நான் படிக்கவில்லை. மணிச் சத்தத்தைப் பற்றிய கதை மணிச் சத்தத்துக்கு உதவும். நண்பனைத் தேடித் தராது.

நண்பன் இன்னொருவன் அல்லவா? 2012இல் டேமியன் மில்டன் 'இருபக்கப் பரிவுச் சிக்கல்' என்றொரு கருத்தை வைத்தார். ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளத் திணறுவதுபோலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்பது அதன் சாரம். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். அதே ஆண்டு கானி கசாரி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 60 குழந்தைகளில் சிலருக்கு நேரடிப் பயிற்சி; வேறு சிலருக்குப் பதிலாக அவர்களுடைய வகுப்புத் தோழர்களுக்குப் பயிற்சி. ஆறு வாரம்தான். தோழர்கள் பயிற்சி பெற்ற இடங்களில்தான் மைதானத்தில் தனித்து நிற்பது குறைந்தது.

கதையின் மறுபாதி அந்தத் தோழர்களுக்கு எழுதப்பட வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. உதவப் பழக்கிய பிள்ளைகள் சீக்கிரமே குட்டி டீச்சர்களாகிவிடுவார்கள்: 'டேய், கையை உதறாதே' என்பார்கள். அவர்களுக்கான கதையிலும் வழிகாட்டும் வாக்கியம் ஒன்றுக்கு விவரிக்கும் வாக்கியம் குறைந்தது இரண்டு வேண்டும். அவன் ஏன் கையை உதறுகிறான் என்பது அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.