முன்னாய்வும் மீளாய்வும்

ஆய்வு செய்யப் புகும் மாணவர் தம் பொருள்பற்றி முன்னரே எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்து, கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்து, தாம் சொல்ல எஞ்சியிருப்பது எது என்று காட்டும் அத்தியாயத்துக்குத் தமிழகத்தில் 'முன்னாய்வுகள்' என்றும் 'ஆய்வு முன்னோடிகள்' என்றும் பெயர் வழங்க, இலங்கையில் அதுவே 'இலக்கிய மீளாய்வு' எனப்படுகிறது. அங்கே இலக்கியம் என்பது ஒரு பொருள்பற்றி எழுதப்பட்ட அனைத்தையும் குறிக்கும். ஆனால் கவிதையும் கதையுமே இலக்கியம் என்று பழகிய காஞ்சிபுரத்து மாணவர், நெசவாளர் கூலிபற்றிய ஆய்வேட்டில் இலக்கிய மீளாய்வு என்ற தலைப்பைக் கண்டால் சங்கப் பாடல்களைத் தேடக்கூடும். தமிழகத்தின் 'ஆய்வியல் நிறைஞர்' அங்கே 'முதுதத்துவமாணி'. 'முனைவர்' அங்கே 'கலாநிதி'. இங்கே வழிகாட்டுபவர் 'நெறியாளர்', அங்கே அவர் 'மேற்பார்வையாளர்'. நெறியாளர் என்ற சொல்லில் ஆசிரியரின் முகம் தெரிகிறது; மற்றதில் வேலைத்தளத்தின் வாடை சற்றே வீசுகிறது என்றால் அது மிகையாகாது.

தமிழகத்து முன்னாய்வு அத்தியாயம் வெறும் பட்டியல், இலங்கையினதே திறனாய்வு என்பது ஆய்வரங்குகளில் அவ்வப்போது கேட்கும் எள்ளல். இன்னார் இன்ன ஆண்டில் இன்ன தலைப்பில் ஆய்ந்தார் என்று பத்திக்கு ஒருவராக அடுக்கி, எவரையும் மறுக்காமல் முடிக்கும் ஏடுகள் இங்கு உள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டாதவரை தண்டனையில்லை என்று வரையறுத்தது. அவ்விதி நகலெடுப்பை அளக்கிறதே தவிர, மாணவர் படித்ததை எடைபோட்டாரா என்பதை அளப்பதில்லை, ஆகவே சொற்களை மட்டும் மாற்றிப் பட்டியலைக் காப்பாற்றிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. எனினும் பாக் நீரிணையைக் கடந்து இக்கரைக்கு வந்து சேர்பவை இலங்கைப் பேராசிரியர்களான கைலாசபதி, சிவத்தம்பி போன்றோரின் நூல்களே ஒழிய, யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ ஒரு கலைமாணி மாணவர் இறுதியாண்டில் கட்டிக் கொடுக்கும் ஏடு அல்ல. அவர்களுடைய தலைமகனை நம் வீட்டுக் கடைக்குட்டியோடு நிறுத்தி உயரம் பார்க்கும் ஒப்பீடு நேர்மையானதன்று. முந்தைய இலக்கிய வரலாறுகளைக் கூர்மையாக எடைபோட்ட சிவத்தம்பியின் 'தமிழில் இலக்கிய வரலாறு' 1988இல் சென்னையில்தான் அச்சேறியது என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

திறனாய்ந்து மறுப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலாசிரியன் கொள்ளத்தக்க மதங்கள், அதாவது பிறர் கருத்தின்முன் நிற்கும் நிலைகள், ஏழு என்று வகுத்தார். உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தன் கருத்தை நாட்டி நிறுத்துதல், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், எவரோடும் சேராது தன் கருத்தையே கொள்ளுதல் என அவர் சொன்ன ஏழும், இன்று ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் கற்பிக்கப்படுவனவற்றோடு பெரிதும் பொருந்துகின்றன. காஞ்சியைச் சேர்ந்தவராகக் கூறப்படும் பரிமேலழகரும் வேறாக உரை கொண்டோரைச் சுட்டி, ஏன் அது பொருந்தாது என்று காரணம் சொல்லியே தம் திருக்குறள் உரையை நிறுத்தினார். அந்த நன்னூலை நல்லூர் ஆறுமுக நாவலர் தம் காண்டிகையுரையால் இரு கரைகளிலும் பரப்பினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் பட்டுத்தறிகளைப்பற்றி எழுத விரும்பும் மாணவருக்கு முன்னால் இருப்பவை சிறிய நூல்களல்ல. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரைக் கல்வெட்டுகளின் துணையோடு ஆராய்ந்த விஜயா ராமசாமியின் நூல் 1985இலும், காஞ்சிபுரப் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களைப்பற்றிய இவோன் ஆர்ட்டர்பர்னின் நூல் 1982இலும், பத்மசாலியர் சமூகத்தை மையமாக்கிய ஆர்த்தி கவுல்ராவின் நூல் 2018இலும் வெளிவந்தன. இம்மூன்றையும் ஆண்டுவரிசையில் சுருக்கினால் அது பட்டியல். ஒன்று கல்லில் பொறித்ததையும், ஒன்று சங்கத்தையும், ஒன்று சாதியையும் வாயிலாகக் கொண்டதால் ஒரே நெசவாளர் மூன்று உருவில் தோன்றுகிறாரே, இவற்றுள் எது தறிக்கு அருகில் நிற்கிறது என்று கேட்டால் அதுவே திறனாய்வு. உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் சேலையில் மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் கோத்து நெய்யும் முறைக்குக் கோர்வை என்று பெயர். அதற்குத் தறியாளரோடு, ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய இன்னொருவரும் வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்கு எந்த நூல் எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்ற கேள்வி நூலகத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் தோன்றாது. தறிக்குழியின் அருகே வளர்ந்த பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

இலங்கையில் மருதமுனையின் கைத்தறியை ஆராயும் மாணவருக்கும் இத்தகைய கேள்விகள் இருக்கவே செய்யும். சமூக அறிவியலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை தமிழிலேயே பயின்று வருவதால் கலைச்சொல்லுக்கு அவர் தடுமாறுவது குறைவு என்பது தமிழகம் பொறாமைப்படத்தக்க செய்தி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த நாட்டில், முன்னர் எழுதப்பட்டதைத் தேடுவதே ஒரு மீட்பு வேலையாகி, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இணையத்தில் அதை இன்றும் செய்துவருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தையும், ஆய்வேடுகளைத் திறந்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் பெற்ற தமிழக மாணவர் பட்டியலோடு நின்றால் அதற்குச் சாக்கு இல்லை.

'முன்னாய்வுகள்' என்ற பெயரை மாற்ற வேண்டியதில்லை. மீளாய்வு என்ற சொல்லைக் கடன் வாங்கவும் வேண்டியதில்லை. ஐயம்பேட்டையிலிருந்து எழுதுபவர் மேற்சொன்ன நூல்களைப் படித்து முடித்ததும், கரை நாடா எறியும் அந்த இரண்டாவது ஆளிடம் போய், இவற்றில் உள்ளது சரிதானா என்று ஒருமுறை கேட்டுவிட்டு அத்தியாயத்தின் முதல் வரியை எழுதட்டும்.