தனக்குத் தானே நடுவர்: மாணவ வான்கோவின் ஓவியங்கள்

படைத்தவனே தன் படைப்பை மதிப்பிட முற்படும்போது இரண்டு இடர்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, தன் பிள்ளையின் குறை காணாத தாயின் கண். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். மற்றொன்று, எதைச் செய்தாலும் 'இது ஒன்றுமில்லை' என்று தன்னையே இழித்துரைக்கும் பொய்ப்பணிவு. முன்னது வளர்ச்சிக்கு வேலியிடுகிறது. பின்னது அதன் வேரையே வெட்டுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என வினவுவோர், வின்சென்ட் வான்கோ மாணவராய் இருந்த காலத்தில் எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்த்தல் நலம்.

வான்கோ என்றதும் சூரியகாந்தி மலர்களும் சுழலும் விண்மீன்களும் நினைவுக்கு வருகின்றன. அந்த ஒளிக்கு முன்னே, கரியும் மண்ணிறமுமாய் நீண்ட பயிற்சிக் காலம் ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போரினாஜில் நற்செய்திப் பணியாளராய் அவர் உழைத்தார். 1879ஆம் ஆண்டில் அப்பணி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில், தம் 27ஆம் வயதில், ஓவியராவதெனத் துணிந்தார். தொடங்கிய வயது தாமதம். இயல்பாக ஓடும் கையும் அவருக்கு வாய்க்கவில்லை. எனவே சார்ல் பார்க் என்பவர் உருவாக்கிய பயிற்சித் தாள்களைப் பெற்று, எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனைப் போலத் தாள் தாளாகப் பார்த்து வரைந்தார்.

அவர் எழுதிய கடிதங்களுள் 800க்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. தியோ கலைவணிகர், அண்ணனின் வாழ்க்கைச் செலவையும் ஏற்றவர். ஆகவே இக்கடிதங்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பணம் அனுப்புகிறவருக்குப் பணி நடப்பதைக் காட்டும் கணக்கேடாகவும் அவை அமைந்துள்ளன. தம் முன்னேற்றத்தை வான்கோ சற்று அழுத்திச் சொல்லும் இடங்களில் இதை நாம் மறத்தலாகாது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் எஞ்சுவது மிகுதி.

முதலில் நம் கண்ணில் படுவது, அவர் தம் குறைகளைப் பொதுப்படச் சொல்வதில்லை என்பதே. 'நான் இன்னும் வளர வேண்டும்' என்ற வெற்றுரையோடு அவர் நிற்பதில்லை. உருவ அளவு எங்கே பிழைக்கிறது, தொலைவுத் தோற்றம் எங்கே குழம்புகிறது என்று இடம் சுட்டுகிறார். சுட்டிய குறைக்கு மருந்தும் தேடுகிறார். 1882இல் ஹேக் நகரில் வாழ்ந்தபோது, காட்சியின் அளவுகளைப் பிடிக்க உதவும் சட்டகம் ஒன்றைச் செய்வித்தார். மணல்மேட்டிலும் அது அசையாது நிற்கும்படி, கொல்லரிடம் கொடுத்து அதன் கால்களுக்கு இரும்பு முனைகள் அமைத்துக்கொண்டார். தன் குறையை ஒருவன் உண்மையாகவே அறிந்தான் என்பதற்குக் கொல்லரிடம் அவன் சென்ற நடையைவிட நல்ல சான்று வேண்டுமோ?

இரண்டாவது, கைத்திறனையும் கருத்தையும் அவர் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறார். அதே 1882இல் 'துயரம்' என்னும் படத்தை வரைந்தார். முகம் புதைத்துக் குந்தியிருக்கும் பெண்ணின் உருவம் அது. அந்நாளில், மணலில் பாதி பெயர்ந்தும் பற்றிக்கொண்டு நிற்கும் மரவேர்களையும் வரைந்தார். இவ்விரண்டிலும் வாழ்வின் போராட்டம் என்னும் ஒரே உணர்வையே வைக்க முயன்றதாகத் தம்பிக்கு எழுதுகிறார். பெண்ணையும் வேரையும் ஒரே கண்ணால் கண்டதே அவருடைய செல்வம். கோடு இன்னும் தடுமாறினாலும் நோக்கு தடுமாறவில்லை.

ஆனால், நோக்கு நேர்மையாயிருந்தால் பிழைகளெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுமா? இதற்கான சோதனை 1885இல் நேர்ந்தது. நெதர்லாந்தின் நியூனென் ஊரில், விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் ஐவரை அவர் தீட்டினார். அதற்கு முன் உழவர் தலைகளைப் பல்பத்து முறை வரைந்து பழகியிருந்தார். மண்ணைக் கிண்டிய கைகளே அத்தட்டிலும் நீளுகின்றன, அவர்கள் உண்பது உழைத்து ஈட்டிய உணவு எனக் காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு எழுதினார். அப்படத்தின் கல்லச்சுப் பிரதி ஒன்றை ஓவிய நண்பர் அந்தோன் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். வந்த மறுமொழி கடுமையானது. பின்னிருக்கும் பெண்ணின் கை மெய்யாக இல்லை, வலப்புற மனிதனுக்கு முழங்காலும் வயிறும் எங்கே, கை ஏன் இவ்வளவு குறுகியது என்று அடுக்கியிருந்தார் நண்பர். வான்கோ அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். நட்பும் அவ்வாண்டிலேயே நலிந்து முடிந்தது.

யார் பக்கம் நியாயம்? உடலமைப்பைப் பொறுத்தவரை ராப்பார்டின் கூற்றில் உண்மை உண்டு. கல்லச்சைப் பார்ப்போர் எவரும் அதை மறுக்க இயலாது. நினைவிலிருந்து ஒரே நாளில் செய்தது அது என்று வான்கோவே விளக்கம் தந்தார். மேலும், தம் உருவங்கள் கலைக்கழக விதிப்படி அமைவதைத் தாம் விரும்பவில்லை என்றும், எழுத்தளவான உண்மையைக் காட்டிலும் உண்மையான பிழைகளையே கற்க விழைவதாகவும் தம்பிக்கு எழுதினார். இக்கூற்று அழகானது, அதே அளவுக்கு ஆபத்தானதும்கூட. வரையத் தெரியாதவன் எவனும் இதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

வான்கோ அங்கே ஒதுங்கினாரா என்பதே நம் கேள்வி. அவர் செயல் விடை சொல்கிறது. அக்கண்டனத்துக்குப் பின்வந்த கோடையில், குனிந்து கிண்டும், கதிர் பொறுக்கும் உழவர்களைப் பெரிய தாள்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். தட்டையாய்க் கிடந்த உடல்களில் அங்கே திரட்சி ஏறுகிறது. முதுகுக்குப் பருமனும் முழங்காலுக்கு வலிமையும் வருகின்றன. சொல்லால் எதை எதிர்த்தாரோ அதைக் கையால் ஏற்றுக்கொண்டார். மாணவன் ஒருவனின் தன்மதிப்பீட்டை அவன் வாதத்தில் தேடுவதைவிட அடுத்த தாளில் தேடுவதே முறை என்று நான் கருதுகிறேன்.

கலைக்கழகம் அவரை எவ்வாறு மதிப்பிட்டது? 1886 சனவரியில் ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்து, சில வாரங்களிலேயே பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் சென்றபின் அங்குள்ள ஆசிரியர்கள் அவரைத் தொடக்க நிலை வகுப்புக்கு இறக்கத் தீர்ப்பளித்தனர். இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். ஆனால் அவரோ, 1890இல், வாழ்வின் இறுதி வாரங்களில், பார்க்கின் அதே பயிற்சித் தாள்களை அனுப்பும்படி தம்பியைக் கேட்டு வாங்கி, மீண்டும் பார்த்து வரைந்தார். பிறர் இறக்கிய வகுப்பில் அவராகவே சென்று அமர்ந்தார்.

அதே ஆண்டின் மே மாதத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1882இல் ஹேக் நகர முதியோர் இல்லத்தைச் சேர்ந்த ஒருவரை, முகத்தைக் கைகளில் புதைத்து அமர்ந்தவராக வரைந்து, 'நித்தியத்தின் வாயிலில்' என்று கல்லச்சில் பெயரிட்டிருந்தார். அத்தகைய ஏழை முதியவரின் தோற்றத்திலேயே கடவுளையும் நித்தியத்தையும் சுட்டும் ஏதோ ஒன்று உண்டென அன்று எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்து, நோயுற்றுச் செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, அந்த மாணவக்காலப் படத்தையே எடுத்து வண்ணத்தில் தீட்டினார். அமர்ந்த நிலை மாறவில்லை. இறுக்கிய கைகளும் மாறவில்லை. உடையில் மட்டும் நீலம் வந்து நிறைந்தது.

இளம் ஓவியர்கள் தம் பழைய தாள்களைக் கிழித்தெறிய விரைகிறார்கள். கை தேர்ந்தபின் திரும்பிப் பார்த்தால், அன்று பிழையாய் வரைந்தவற்றுள் எது இன்னும் தன்னை அழைக்கிறது என்பது தெரியவரும். வான்கோவை அழைத்தவர் அந்த முதியவர். அவரை மீண்டும் வரையத் தகுதி பெறவே அவ்வளவு தாள்களும் செலவாயின போலும்.