முகங் காட்டாத ஆசான்

கோலாலம்பூரில் 1863ஆம் ஆண்டு முதல் இந்திய முஸ்லிம்களின் தொழுகைத் தலமாக விளங்கும் மஸ்ஜித் இந்தியாவில் நபிகள் நாயகத்தின் படமோ சிலையோ கிடையாது. ஆயினும் அவ்வட்டாரத்தில் வாணிபஞ் செய்யும் தமிழ் முஸ்லிம்களுக்கு நாயகத்தின் வரலாறு அந்நியமன்று. உமறுப்புலவர் அதனைச் சீறாப்புராணமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாக்களில் பாடி வைத்திருக்கின்றார். இவ்வாறு சொல்லால் மட்டுமே அறியப்பட்ட ஆசானைப் படக்காட்சியில் எங்ஙனம் காட்டுவது?

டைரக்டர் முஸ்தபா அக்காத், 1976இல் வெளிவந்த "தி மெசேஜ்" என்னும் படத்தில் இதற்கு விடை கண்டார். அதில் நாயகத்தின் முகமும் இல்லை, குரலும் இல்லை. காமிராவே அவர் கண்ணாகின்றது. ஹம்ஸா முதலியோர் அதனை நேர்நோக்கிப் பேசுகின்றனர்.

இது மார்க்கத் தடையால் விளைந்ததென்பர் சிலர். உண்மையே. ஆனால், ஏசுநாதரின் முகத்தைக் காட்டிய படங்கள் பல உண்டு. அங்ஙனமிருந்தும், வில்லியம் வைலர் 1959இல் எடுத்த "பென்ஹர்" படத்தில், தாகத்தால் துவண்ட அடிமைக்குத் தண்ணீர் அளிக்கும் ஏசுவின் முகம் நமக்குத் தெரிவதில்லை. தடுக்க வந்த ரோமானியப் போர்வீரன் அம்முகத்தை நோக்கிப் பேச்சற்றுப் பின்வாங்குகின்றான். அவன் தடுமாற்றமே நமக்கு அதனை உணர்த்துகின்றது. எனவே, முகத்தை மறைத்தல் கலைக்கும் வேண்டுவதொன்றென்க.

முகத்தைக் காட்டினால் நேர்வது யாது? 1957இல் "மாயாபஜார்" படத்தில் கண்ணனாகத் தோன்றிய என். டி. ராமராவின் முகத்தையே ஆந்திர மக்களிற் பலர் கண்ணன் முகமாகக் கொண்டனர். 1983இல் அவர் முதல் மந்திரியுமானார். அவருடைய ஆற்றலை நாம் குறைத்துரைக்கவில்லை. பார்த்தனுக்கு ஆசானாகிய கண்ணனுக்குரிய மதிப்பு வேடமிட்டவரைச் சார்ந்ததென்பதே நாம் கூறுவது.

முகமூடலெல்லாம் சிறப்புடையதென்றும் நாம் சொல்லோம். கடைசி ரீல் வரை மர்மத்தை நீட்டிச் சீட்டுப் பணம் பறிப்பது வெறுந் தந்திரம். போதனையின்பாற் கருத்தைத் திருப்புவதற்காக முகத்தை மறைப்பதே மேன்மையுடையது.

துரோணரின் உருவத்தை மண்ணாற் செய்து வணங்கினான் ஏகலைவன். வித்தை அவனுடைய சொந்த உழைப்பால் வந்தது; கட்டை விரலோ அவ்வுருவுக்குரியவருக்குக் காணிக்கையாயிற்று. தோட்டத்திலும் பட்டினத்திலும் நடிகர் படத்துக்கு மாலை சூட்டும் நம் இளைஞர் இக்கதையை மறத்தலாகாது. ஆசான் சொன்னது யாது, அது அறிவுக்கு ஒத்ததா என்று வினவப் பழகுவார்களாக.